மாப்பிள்ளை வாஷ்பேசின்

எனக்குக் கல்யாணமான வருஷம், தலைதீபாவளிக்கு மாமனார் எனக்காக ஒரு வாஷ்பேசின் வாங்கி மாட்டினார். மோதிரம், வாட்ச், பட்டு வேட்டி எல்லாம் முறைப்படி வந்தன. அவற்றை ஊரில் எல்லா மாப்பிள்ளைகளும் வாங்கியிருந்தார்கள். பொள்ளாச்சிக்குத் தெற்கே அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாஷ்பேசின் வாங்கிய மாப்பிள்ளை நான் ஒருவன்தான் என்று மாமனாரே என்னிடம் சொன்னார்.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். படித்தது பி.காம். ஆனால் கம்பெனி அடித்துக் கொடுத்த கார்டில் 'சேல்ஸ் இன்ஜினியர்' என்று இருந்தது. வெறும் சேல்ஸ்மேன் என்றால் தோட்டத்தில் கேட்டைத் திறக்கமாட்டார்கள், நாயைத்தான் திறந்துவிடுவார்கள் என்பது எங்கள் மேனேஜரின் கணிப்பு. போர்வெல்லின் ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவருவது பற்றி ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். எல்லாம் மனப்பாடம். ஒரு மோட்டாரைக்கூடக் கழற்றிப் பார்த்தது கிடையாது.

பெண் வீட்டார் தென்னந்தோப்புக்காரர்கள். என் மனைவி கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கியவள். இந்தத் தகவல் கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பட்டத்தால் யாருக்கும் எந்த வேலையும் இருக்கவில்லை, நான் உட்பட.

தோட்டத்து வீட்டின் முன்பக்கம் ஓர் அறையை எனக்கென்று ஒதுக்கி, அதை ஒட்டி டைல்ஸ் போட்ட பாத்ரூம் கட்டியிருந்தார்கள். வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் கொல்லைப்புறத் தொட்டியில் பல் விளக்கி, அங்கேயே குளித்து, அங்கே இருந்த பழைய கக்கூஸைப் புழங்கினார்கள். என் பாத்ரூமும் அந்தக் கக்கூஸும் ஒரே செப்டிக் டேங்கில் சேர்ந்தன. பேசினின் பைப்பையும் கொத்தனார் வேலை மிச்சம் என்று அதே டேங்குக்கு இழுத்துவிட்டிருந்தார்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் போய் இறங்கினோம். மாமனார் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய் பாத்ரூம் கதவைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று பேசின். மேலே கண்ணாடி. பக்கத்தில் பிரிக்காத சோப்பு. கூடவே ஒரு நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. அழுகின முட்டையையும் மாட்டுத் தொழுவத்தையும் சேர்த்து மூடி வைத்துத் திறந்தது போல.

"எப்படிங் மாப்ள இருக்குது?" என்றார் மாமனார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க மாமா" என்றேன். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு சொன்னேன்.

அவருக்கும் மூக்கு இருந்தது. எனக்குப் பின்னால் நின்ற மாமியாருக்கும் இருந்தது. ஆனால் மாப்பிள்ளையிடம் 'நாறுது' என்று எந்த வாயால் சொல்வது? மாமனார் வீட்டில் 'நாறுது' என்று எந்த மாப்பிள்ளை சொல்வான்? எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. வீடு பற்றி எரிந்தாலும், "கொஞ்சம் சூடா இருக்குதாட்டத்துங்க" என்றுதான் ஆரம்பிப்போம். மாமியார் மட்டும் ஒரு சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, முகம் கை கால் கழுவினேன். பேசினில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. அரை மணி நேரத்தில் நாற்றம் குறைந்துவிட்டது. சாயங்காலம் சுத்தமாக இல்லை. மூன்று நாளும் இல்லை. சாம்பிராணியின் மகிமை என்று மாமியார் நம்பினார். நானும் நம்பினேன்.

பொங்கலுக்குப் போனபோது அதே நாற்றம் இன்னும் தடிமனாகக் காத்திருந்தது. இந்தத் தடவை மாமனாரே சுற்றி வளைத்துப் பேச்சை எடுத்தார்.

"ஏனுங் மாப்ள, நீங்க இன்ஜினியருங்க. தண்ணியப் பத்தி உங்களுக்குத் தெரியாததில்லீங்க. அந்தப் பேசின் பக்கம் ஏதோ கொஞ்சம் வாசமாட்ட வருதுன்னு உங்க அத்தை சொல்லுது. எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. நீங்க ஒருக்கா பார்த்துச் சொன்னாத் தேவலைங்க."

அப்போதே 'நான் இன்ஜினியர் இல்லீங்க மாமா' என்று சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. நான் போய் பேசின் முன்னால் நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்படி நின்றால் விஷயம் தெரிந்தவனைப் போல இருக்கும் என்பது தொழிலில் கற்றது.

"அடைப்புங்க" என்றேன். "உள்ள அழுக்குத் தேங்கி அழுகுது."

தண்ணீர் மளமளவென்று இறங்குகிற குழாயில் அடைப்பு எங்கே இருக்கும் என்று கேட்க அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் படிப்பு இருந்தது. அவள் அடுப்படியில் பொங்கலுக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாள்.

பொள்ளாச்சியிலிருந்து பிளம்பர் வந்தார். பேசினுக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழே சின்னச் சொம்பு மாதிரி தொங்கிக்கொண்டிருந்த வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றினார். அதற்குப் பெயர் பாட்டில் ட்ராப் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கிண்ணத்தைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்து என்னிடம் நீட்டினார்.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே. காஞ்சு கெடக்குதுங்க."

கோளாறு என்னவென்று அவர் என் கையிலேயே கொடுத்துவிட்டார். நான் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தேன். உலர்ந்த பிளாஸ்டிக். ஒரு சிலந்திக் கூடு.

"அடைப்பு இன்னும் உள்ள போயிருக்குதுங்க" என்றேன்.

"சாருக்குத் தெரியாததுங்களா" என்று அந்த நல்ல மனுஷர் உடனே ஒத்துக்கொண்டார். நீளக் கம்பியை விட்டுக் குடைந்தார். பைப்பைக் கழற்றி மாட்டினார். வாஷர் மாற்றினார். முடிந்ததும் ஒழுகுகிறதா என்று பார்க்க இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். நாற்றம் போய்விட்டது. மாமனார் தோப்பில் நின்றவர்களைக் கூப்பிட்டு, "எங்க மாப்ள ஒரு பார்வைல சொல்லிப்போட்டாருங்க" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

சித்திரையில் கோயில் நோன்பிக்கு, அதாவது திருவிழாவுக்குப் போனோம். கேட்டுக்கு உள்ளே ஸ்கூட்டரை நிறுத்தும்போதே தெரிந்துவிட்டது. இந்த முறை மாமனார் சுற்றி வளைக்கவில்லை. "அடைப்பு மறுபடி வந்துருச்சுங்களாட்ட" என்றார், ஏதோ என் தூரத்துச் சொந்தக்காரர் வந்ததைச் சொல்வது போல.

என் மானம் போகக்கூடாது. கம்பெனியில் இரும்பு உருக்குகிற ஃபவுண்டரி ஷெட்டின் கூரைக்கு மேலே புகை போக உயரமாக ஒரு குழாய் நிற்கும். அது நினைவுக்கு வந்தது. "கெட்ட காத்து போறதுக்கு வழியில்லீங்க மாமா. பேசின் பைப்புல இருந்து மேல ஒரு வென்ட் பைப் ஏத்தோணும்" என்றேன். எவ்வளவு உயரம் என்று கேட்டார். யோசிக்காமல் இருபதடி என்றேன்.

புது டைல்ஸை உடைத்தார்கள். சுவரைக் குடைந்தார்கள். இருபதடி பைப், உச்சியில் தொப்பி வைத்து, ஓட்டுக்கு மேலே கொடிக்கம்பம் போல நின்றது. மாமனார் அதற்குப் பச்சை பெயின்ட் அடிக்கச் சொன்னார். வேலை முடிந்து கொத்தனார் சுவரையும் பேசினையும் கழுவி விட்டார். நாற்றம் நின்றது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்து, பைப் எங்கே வாங்கியது என்று என்னிடம் விசாரித்தார். அவருடைய மாப்பிள்ளைக்கும் ஒன்று வைப்பதாக இருந்தார்.

அதற்குப் பிறகு என் மனைவி கர்ப்பமானாள். மசக்கையும் ஆபீஸ் வேலையுமாக ஊர்ப்பக்கம் போகவில்லை. ஏழாம் மாதம் சீர் முடிந்து, பிரசவத்துக்காக அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். கொல்லைத் தொட்டிப் பக்கம் மழைக்குப் பாசி பிடித்து வழுக்கும். அதனால் முன்பக்கத்துப் பாத்ரூமைப் புழங்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. மாமியார் அதற்கு நியாயமும் வைத்திருந்தார். "மாப்பிள்ளை ஊட்டு வாரிசு வயித்துல இருக்குது. அதனால தப்பில்ல கண்ணு." பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருந்தவளுக்கு, அந்த வீட்டு பேசினில் முகம் கழுவ இவ்வளவு காரணம் வேண்டியிருந்தது.

அந்த வருஷத் தீபாவளிக்கு நான் தனியாகப் போனேன். கதவைத் திறந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்து, மெதுவாக விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சோப்பு வாசனைதான் இருந்தது.

"உங்க பைப் வேலை செய்யுதுங்க" என்றார் மாமனார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து மனைவியிடம் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் கட்டிலில் சாய்ந்து கொண்டைக்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"பைப்பு ஒண்ணும் செய்யலீங்க" என்றாள். "தண்ணிதான்."

"என்ன தண்ணி?"

"நான் வந்த அன்னைக்கும் நாறுச்சு. மூஞ்சி கழுவுனேன், கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு. அப்புறம் கீழ இருக்கற அந்தக் கிண்ணத்தைக் கழட்டித் தண்ணியக் கொட்டிப்போட்டு மாட்டுனேன். மத்தியானத்துக்குள்ள மறுபடி நாத்தம். ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனேன், நின்னுபோச்சு. மூணு தடவை செஞ்சு பார்த்துட்டேன்."

"இந்த வயித்தோட குனிஞ்சா கழட்டுனே?"

"முக்காலி போட்டு உக்காந்துதானுங்க."

பிறகு பொறுமையாகச் சொன்னாள். அந்தக் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கதவு. டேங்கிலிருந்து வருகிற காற்று அதைத் தாண்டி மேலே வர முடியாது. கக்கூஸ் பீங்கானில் தண்ணீர் நிற்பதும் அதற்குத்தான். அதில் வேலைக்கு வருகிற அக்கா தினமும் தண்ணீர் ஊற்றுகிறார், அதனால் அது நாறுவதில்லை. பேசினை யாரும் தொடுவதில்லை. அம்மா அதைக் காய்ந்த துணியால் மட்டும் துடைக்கச் சொல்லியிருக்கிறார், தண்ணீர்க் கறை விழக்கூடாதாம். நாங்கள் வந்துபோய் ஒரு மாதம் ஆனால் கிண்ணம் காய்ந்துவிடும். கதவு திறந்துகொள்ளும்.

"உங்களுக்குன்னு பூட்டி வெச்சிருக்கறதுனாலதான் நாறுது" என்றாள்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பொங்கலன்று பிளம்பர் நீட்டிய காய்ந்த கிண்ணம் கண் முன்னால் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பச்சைப் பைப்பின் அடிப்பகுதி தெரிந்தது.

"மாமாகிட்டச் சொல்லிட்டயா?"

"இல்லீங்க. அது நீங்க சொல்லோணும்."

நான் சொல்லவில்லை. தீபாவளி நேரத்தில் எதற்கு என்று நினைத்தேன். அப்புறம் குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. அந்தச் சந்தோஷத்தில் எதற்கு என்று நினைத்தேன். பங்குனியில் அவர்களைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிவந்துவிட்டேன். பேசின் மறுபடியும் எனக்காகத் துடைத்துப் பூட்டி வைக்கப்பட்டது.

வைகாசியில் மாமனார் ஆபீஸுக்குப் போன் செய்தார். "இந்த ஞாயித்துக்கெழமை வந்தே ஆகோணுங் மாப்ள. டேங்கையே மாத்திரலாம்னு இருக்கறேன். எடத்தை நீங்கதான் குறிச்சுக் குடுக்கோணும்." நான் எதையோ முனகினேன். அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனால், குழி வெட்ட நாலு பேர் கடப்பாரையோடு தயார். கொத்தனார் நின்றார். பழைய பிளம்பரும் வந்திருந்தார். மாமனார் ஒரு தட்டில் சுண்ணாம்புப் பொடி வைத்து என்னிடம் நீட்டினார். முப்பதடி தள்ளிப் புது டேங்க். அதற்கு வழி விட காய்ப்பில் இருந்த மூன்று தென்னையை வெட்ட வேண்டும். வீட்டின் முன்பக்கத்தில் பாதியைத் தோண்ட வேண்டும்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் தட்டை வாங்கினேன். குனிந்தேன். முதல் கோடு போட்டேன். நேராகத்தான் வந்தது. இரண்டாவது கோட்டையும் போட்டேன். நாலு பேரும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, அந்தக் கோட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க."

மனைவி வாசலில் நின்றாள். இடுப்பில் குழந்தை, இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்பு. "அப்பா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. எல்லாரும் வாங்க" என்றாள்.

பாத்ரூமுக்குள் கொத்தனார், பிளம்பர், மாமனார், நான். கடப்பாரைக்காரர்கள் கதவருகில். எல்லோரும் துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தோம். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, பேசினுக்கு அடியில் குனிந்து கிண்ணத்தைக் கழற்றி எல்லோருக்கும் காட்டினாள். காய்ந்து கிடந்தது. திருப்பி மாட்டினாள். சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். "இப்ப நில்லுங்க" என்றாள்.

நின்றோம். வளர்ந்த ஆண்கள் எட்டுப் பேர், ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டு. கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டுகள் கீழே இறங்கின. முதலில் பிளம்பருக்குத்தான் விளங்கியது. "அட, ஆமாங்க. நான் அன்னைக்கே காஞ்சு கெடக்குதுன்னு சொன்னனுங்க" என்றவர், என்னைப் பார்த்ததும், "சார் வேற மாதிரி யோசிச்சிருப்பாருங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்குத் தெரியுமுங்களா மாப்ள?"

"உங்க பொண்ணு போன தீபாவளிக்கே சொல்லுச்சுங்க" என்றேன். குழந்தை என் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது. ஒரு வழியாக வாய் வந்தது. "நான் இன்ஜினியரும் இல்லீங்க மாமா. பி.காமுங்க."

"அது தெரியுமுங்க. பொண்ணு பார்க்க வரும்போதே விசாரிச்சுப்போட்டமுங்க."

"அப்புறம் ஏனுங்க?"

"கார்டுல அப்படிப் போட்டிருந்துச்சுங்க. நானும் ஊர்ல அப்படியே சொல்லிப்போட்டேன்."

"சரிங்க, ஆனா என்னைய எதுக்குங்க கேட்டீங்க?"

அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "மாப்ளயக் கேக்காம வேற யாரைக் கேக்கறதுங்க?"

அவருடைய மகள், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நின்றிருந்தாள். என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோயம்புத்தூர் திரும்பும் வரைக்கும் என்னோடு பேசவில்லை. அப்புறமும் இரண்டு நாள் ஆனது.

தென்னைகள் தப்பின. கடப்பாரைக்காரர்களுக்கு டீ கொடுத்து அனுப்பினார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்வி. தினமும் பேசினில் தண்ணீர் ஊற்றுவது யார்? வீட்டில் யாராவது புழங்கினாலே போதும் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். மாமியாருக்கு அது பிடிபடவில்லை. மாப்பிள்ளையின் பேசினில் நாம் எப்படி வாய் கொப்பளிப்பது? கடைசியில் வேலைக்கு வருகிற அந்த அம்மாளைக் கூப்பிட்டு, தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றச் சொன்னார். கையோடு, "ஊத்தறதோட சரி. அதுல கையக் கிய்யக் கழுவிப்போடாத" என்றும் சொன்னார். சாந்தமாகத்தான் சொன்னார். அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தி எதையும் சொல்வதில்லை.

மனைவி தன் அம்மாவைப் பார்த்து, "அக்கா கை கழுவுனா என்ன? அதே தண்ணிதானே கீழ போகுது" என்றாள்.

மாமியார் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாளே பேசினார். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பேசினை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கெதுக்குங்க அம்மணி? ரெண்டு வருசமா அது நாறுன நாத்தம் எனக்குத்தான் தெரியும். வாய்க்கால்ல நல்ல தண்ணி ஓடுது, நான் அங்கயே கழுவிக்கறேன்." சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். மாமியாருக்கு அதில் வருத்தப்படவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. வார்த்தைகள் எல்லாம் மரியாதையாகவே இருந்தன.

அந்த ஏற்பாடு எத்தனை நாள் நடந்தது என்று தெரியாது. ஆடி மாதம் ஒரு டீலரைப் பார்க்க அந்தப் பக்கம் போனவன், சொல்லாமல் கொள்ளாமல் காலை ஏழு மணிக்குத் தோட்டத்துக்குப் போனேன். நேராக என் அறைக்குள் போனேன். பாத்ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மாமனார் பேசின் முன்னால், முகம் முழுக்க ஷேவிங் சோப்பு நுரையோடு நின்றிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் ரேஸர் நின்றுவிட்டது.

"வாங் மாப்ள" என்றார், நுரைக்குள்ளிருந்து. அவசர அவசரமாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனார். "நீங்க வாங்க, நீங்க வாங்க. சும்மா தண்ணி போகோணுமேன்னு…"

"நீங்க முடிங்க மாமா" என்றேன்.

"இல்லீங்க, உங்க பேசினுங்க."

"எனக்கு அவசரமில்லீங்க."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி மரியாதை கொடுத்துக்கொண்டே இருந்தோம். நுரை அவர் கழுத்தில் காயத் தொடங்கியது. கடைசியில் நானே கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைக்கு நடந்தேன். மாமியார் கண்ணில் படாமல் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினேன். தண்ணீர் ஜில்லென்று நன்றாக இருந்தது.